ஏதுவும் ஏதுப் போலியும்

வேலைக்கு ஆள் எடுக்கும் தேர்வுகளிலும், நிர்வாகக் கல்லூரிகளின் நுழைவுத் தேர்வுகளிலும் இக்காலத்தில் ஒரு வகை வினா அடிக்கடி இடம் பெறுகிறது. நான்கைந்து வரிகளில் ஒரு வாதத்தைச் சொல்லி, அதன் கீழே நான்கு விடைகளைத் தந்து, 'இவற்றுள் எது மேற்கண்ட வாதத்தை மிகவும் நலிவிக்கிறது?' என்று கேட்பார்கள். உதாரணமாக இப்படி ஒரு வாதத்தை வைத்துக்கொள்வோம்: ஒரு நகரத்துக் கடைத்தெருவில் புதிய விளக்குகளை நாட்டினார்கள். அதன் பின் அங்கே இரவுத் திருட்டுக் குறைந்தது. ஆகவே விளக்குகளே திருட்டைக் குறைத்தன. இதற்குத் தரப்படும் விடைகள்: விளக்குகளுக்கு ஆன செலவு அதிகம், கடைத்தெருவில் இன்றும் சில திருட்டுகள் நடக்கின்றன, அண்டை நகரமும் விளக்கு நாட்ட எண்ணியிருக்கிறது, விளக்கு நாட்டாத தெருக்களிலும் அதே மாதங்களில் திருட்டு அதே அளவு குறைந்தது, ஏனெனில் அப்போது போலீஸ் ரோந்து இரட்டிக்கப்பட்டிருந்தது.

நான்காவதே சரியான விடை. ஆயினும் தேர்வு எழுதும் இளைஞர் பலர் இரண்டாவதில் போய் விழுகிறார்கள். 'திருட்டு இன்றும் நடக்கிறது' என்பது முடிவுக்கு நேர் எதிரானதுபோல் ஒலிப்பதே அதற்குக் காரணம். குறைந்தது என்றுதான் வாதி சொன்னார். அறவே ஒழிந்தது என்று அவர் சொல்லவில்லை.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு இவ்வினாவில் முதலில் கண்ணில் படுவது அதன் வினைச்சொல். மறுத்தல் வேறு, நலிவித்தல் வேறு. மறுப்பவன், 'நீ சொல்லும் முடிவு பொய்' என்று நாட்ட வேண்டும். நலிவிப்பவனுக்கு அவ்வளவு பாரம் இல்லை. 'நீ காட்டிய காரணத்திலிருந்து அந்த முடிவு வந்து சேராது' என்று காட்டினால் போதும். போலீஸ் ரோந்தைச் சுட்டிக் காட்டியவர், விளக்குகளால் பயனில்லை என்று நிரூபித்துவிடவில்லை. விளக்குகளும் ஓரளவு உதவியிருக்கலாம். அவர் செய்தது, முடிந்துபோனதாகத் தோன்றிய ஒரு வழக்கை மீண்டும் ஐயத்தின் நிலைக்குக் கொண்டுவந்தது மட்டுமே. இந்த நுட்பமான வேறுபாடு மேலைநாட்டுத் தேர்வு முறைகளோடு கப்பலேறி வந்தது என்று கருதுவோர் உண்டு. இந்த மண்ணில் அதற்கு ஏறக்குறைய 2,000 ஆண்டு வரலாறு இருக்கிறது. மிதிலையிலும் கன்னோசியிலும் காஞ்சியிலும் அதற்காக அறிஞர்கள் வாழ்நாளைச் செலவிட்டிருக்கிறார்கள். தமிழில் ஒரு காப்பியமே அதற்கு ஒரு முழுக் காதையை ஒதுக்கியிருக்கிறது.

நம் முன்னோர் தருக்கத்தைக் கற்பிக்கும்போது எடுத்துக்கொண்ட உதாரணம் ஒரு மலை. மலையில் தீ இருக்கிறது, புகை இருப்பதால், எங்கே புகையோ அங்கே தீ, அடுக்களையிற்போல, இந்த மலையும் அவ்வாறே புகையுடையது, ஆதலால் தீயுடையது. ஐந்து உறுப்புகள் கொண்ட இந்த வாதத்தை எங்கே தொட்டால் அது ஆட்டம் காணும்? முதலில், மலைமேல் தெரிவது புகைதானா, காலைப் பனியா என்று கேட்கலாம். பனியென்றால் ஏதுவே இல்லை. இதனை அசித்தம் என்றார்கள். அடுத்து, ஏதுவுக்கும் முடிவுக்கும் உள்ள உறவைச் சோதிக்கலாம். வாதத்தைத் திருப்பி, 'மலையில் புகை இருக்கிறது. தீ இருப்பதால்' என்று ஒருவர் சொன்னால், கொல்லன் உலையிலிருந்து எடுத்த பழுக்கக் காய்ந்த இரும்புக் குண்டைக் காட்டினால் போதும். அங்கே தீ உண்டு, புகை இல்லை. ஏது ஒரு பக்கம் நில்லாமல் இரு பக்கமும் அலைகிறது. இதற்கு அநைகாந்திகம் என்று பெயர்.

அப்படியானால் அடுக்களையில் தீயோடு புகையும் சேர்ந்து வந்தது எப்படி? நடுவில் ஒன்று ஒளிந்திருந்தது: ஈர விறகு. புகை உள்ள இடமெல்லாம் ஈர விறகு உண்டு. தீ உள்ள இடமெல்லாம் ஈர விறகு இல்லை. இவ்வாறு முடிவோடு எங்கும் ஒட்டியும் ஏதுவோடு எங்கும் ஒட்டாமலும் நிற்கும் மறைபொருளை நியாய நூலார் உபாதி என்று அழைத்தார்கள். மேலே கண்ட தேர்வு வினாவில் போலீஸ் ரோந்து ஏறக்குறைய இந்த ஈர விறகின் இடத்தில்தான் நிற்கிறது. விடைத்தாளை எதிரில் வைத்துக்கொண்டு திகைக்கும் மாணவனுக்கு, 'இங்கே ஈர விறகு எது?' என்று தேடச் சொல்வதைக் காட்டிலும் நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

இந்தக் கலையைப் பற்றி மிக விரிவாகப் பேசும் பழைய நூல்களில் ஒன்று தருக்க நூல் அன்று, மருத்துவ நூல் என்பது வியப்புக்குரியது. சரக ஸம்ஹிதையில் விமான ஸ்தானத்தின் 8-ஆம் அத்தியாயம், வைத்தியர்கள் தங்களுக்குள் வாதம் புரிய வேண்டிய முறையை வகுத்துச் சொல்கிறது. சற்று எண்ணிப் பார்த்தால் வியப்பு நீங்கிவிடும். பித்தத்தால் வந்த காய்ச்சலா, வாதத்தால் வந்ததா என்று இரு வைத்தியர் முரண்படும்போது, பிழையான ஏது வென்றுவிட்டால் தோற்பவன் கட்டிலில் கிடக்கும் நோயாளி அல்லவா? அந்நூல் உரையாடலை இரண்டாகப் பிரிக்கிறது. ஒன்று, நட்போடு கூடிப் பேசுவது. மற்றொன்று, பகைத்து நின்று பேசுவது. முதல் வகையில், தோற்றுவிடுவோமோ என்று அஞ்சவும் வேண்டாம், வென்றபின் அதைப் பிறரிடம் பெருமை பேசவும் வேண்டாம் என்கிறது. இரண்டாம் வகைக்குச் சொல்லும் உபாயங்களோ வேறு வகையானவை. எதிரியின் குறை எதுவென்று முன்கூட்டியே அளந்து, அந்தத் துறையில் அவரை இழுத்துவிடச் சொல்கிறது. ஒரே அத்தியாயத்தில் இரண்டும் அடுத்தடுத்து நிற்பதைப் படிக்கும்போது, அந்தக் காலத்துச் சபைகள் எப்படி இருந்தன என்பதும் விளங்குகிறது.

நியாய சூத்திரம் இதனை ஒழுங்குபடுத்தியது. அக்ஷபாதர் என்றும் கௌதமர் என்றும் வழங்கப்படும் ஆசிரியரின் பெயரால் வரும் அந்நூல் அறியத்தக்க பொருள்களைப் பதினாறாக வகுக்கிறது. அவற்றுள் ஐயமும் ஒன்று. அதுவும் மூன்றாவது இடத்திலேயே வைக்கப்பட்டிருக்கிறது. ஐயம் இல்லாத இடத்தில் ஆராய்ச்சி தொடங்காது என்பது அவர்கள் கொள்கை. பதினாறில் ஏறத்தாழப் பாதி, வாதம் புரிவதையும் அதில் தவறுவதையும் பற்றியவை. உண்மையை நாடிப் பேசுவது வாதம். வெற்றியை மட்டும் நாடிப் பேசுவது ஜல்பம். தனக்கென ஒரு கட்சியும் இல்லாமல் எதிர்க்கட்சியை இடிப்பது மட்டுமே விதண்டை. இன்று நாம் வீட்டில் பிள்ளைகளை 'விதண்டாவாதம் பேசாதே' என்று கடிந்துகொள்ளும்போது, இந்தச் சூத்திரத்தைத்தான் அறியாமல் ஆள்கிறோம்.

போலியான ஏது ஐந்து வகை என்று காட்டிய அந்நூல், போலியான தாக்குதல்களையும் எண்ணிக் காட்டியதே அதன் தனிச் சிறப்பு என்பேன். சொற்புரட்டு மூன்று வகை. பொருந்தா எதிர்மொழி இருபத்துநான்கு வகை. தோல்வித் தானங்கள் இருபத்திரண்டு. சொற்புரட்டுக்கு உரையாசிரியர் வாத்ஸ்யாயனர் தரும் உதாரணம் சுவையானது. வடமொழியில் 'நவ' என்னும் சொல்லுக்குப் புதியது என்றும் ஒன்பது என்றும் இரு பொருள் உண்டு. 'இவன் நவ கம்பளம் உடையவன்' என்று ஒருவர் சொல்கிறார். புதுக் கம்பளம் போர்த்தவன் என்பது அவர் கருத்து. எதிரி எழுந்து, 'இவனிடம் ஒன்பது கம்பளம் ஏது? ஒன்றுதானே இருக்கிறது!' என்கிறான். சபையில் சிரிப்பு எழுந்திருக்கும். ஆனால் வாதம் சிறிதும் நலியவில்லை. பொருந்தா எதிர்மொழியும் அத்தகையதே. 'மலை அடுக்களையைப் போன்றது என்கிறாயே, மலையில் சோறு வேகிறதா?' என்று கேட்பதை அதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். தேர்வு வினாக்களில் தவறான விடைகளாக வைக்கப்படுபவற்றை எடுத்துப் பாருங்கள். ஒன்று பேச்சை வேறு பொருளுக்குத் திருப்பும். இன்னொன்று வாதி சொல்லாத ஒன்றைச் சொன்னதாக வைத்து அடிக்கும். வினா அமைப்பவர்கள் நியாய சூத்திரம் படித்தவர்களாக இருக்க வேண்டியதில்லை. மனித மனம் வழுக்கி விழும் இடங்கள் அன்றும் இன்றும் அவையேதான்.

நிற்க. இந்தச் சாத்திரத்துக்குப் புதிய உருவம் கொடுத்தவர் பௌத்த ஆசிரியர் திங்நாகர். கி. பி. 500-ஐ ஒட்டி வாழ்ந்தவர். காஞ்சியை அடுத்த ஓர் ஊரில் பிறந்தவர் என்று திபெத்திய வரலாற்றாசிரியர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். ஏது சரியானதாக இருக்க மூன்று நிபந்தனைகள் வேண்டும் என்றார் அவர். எடுத்துக்கொண்ட பொருளில் ஏது இருக்க வேண்டும். அதையொத்த பிற பொருள்களில் இருக்க வேண்டும். ஒவ்வாத பொருள்களில் இருக்கவே கூடாது. ஒத்த பொருள்களைச் சபக்கம் என்றும் ஒவ்வாதவற்றை விபக்கம் என்றும் கூறுவர். ஏது சபக்கம் முழுவதிலும் இருக்கலாம், ஒரு பகுதியில் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். விபக்கத்திலும் அவ்வாறே. மூன்றை மூன்றால் பெருக்கினால் ஒன்பது கட்டங்கள். இந்த ஒன்பதில் சரியான ஏது இரண்டு. நேர்மாறான முடிவைத் தருவன இரண்டு. எஞ்சிய ஐந்தும் எதையும் நிச்சயிக்காதவை. ஏதுச் சக்கரம் எனப்படும் இந்தச் சிறு நூலின் வடமொழி மூலம் நமக்குக் கிட்டவில்லை; திபெத்திய மொழிபெயர்ப்பிலேயே பிழைத்திருக்கிறது. ஒன்பதில் ஐந்து கட்டங்கள் வெறும் ஐயத்தையே விளைவிக்கின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். பொய் என்று நிரூபிப்பது அரிது. நிச்சயம் இல்லை என்று காட்டுவதே பெரும்பாலும் நம்மால் ஆகக்கூடியது.

இந்தச் சக்கரம் நம் போன்றோர் வாழ்க்கைக்கு எட்டாத பொருளன்று. ஊர் விட்டு வந்து வடநாட்டு நகரங்களில் குடியேறிய தமிழர், வீடு தேடி அலையும்போது என்றேனும் ஒரு நாள் இத்தகைய வாதத்தைக் கேட்டிருக்கக் கூடும்: 'முன்பு இருந்த தென்னாட்டுக்காரர் வாடகை பாக்கி வைத்துப் போய்விட்டார், நீங்களும் தென்னாட்டவர், ஆகவே வீடு விடுவதற்கில்லை.' கோபம் வருவது இயற்கையே. கோபத்தை நிறுத்திவிட்டுச் சக்கரத்தைச் சுழற்றுவோம். பாக்கி வைத்தவர்கள் சபக்கம். அவர்களுள் தென்னாட்டார் சிலர் உண்டு, பிறரும் உண்டு. ஒழுங்காகக் கொடுத்தவர்கள் விபக்கம். அவர்களுள்ளும் தென்னாட்டார் உண்டு, பிறரும் உண்டு. ஏது இரு திறத்திலும் ஒவ்வொரு பகுதியில் நிற்கிறது. ஐந்து போலிகளுள் ஒன்றான இதற்கு உபயைகதேசவிருத்தி என்று பெயர். பெயர் நீளம்; செய்தி சிறிது. இதனால் புதிதாக வரும் குடித்தனக்காரர் தவறாமல் வாடகை கொடுப்பார் என்று நிரூபணம் ஆகிவிடாது. அவரைப் பற்றி அவரையே கொண்டு விசாரிக்க வேண்டும் என்று மட்டும் ஆகும். 'இந்த ஊர்க்காரர்களே இப்படித்தான்' என்று நாம் நமக்குள் பேசிக்கொள்வதும் இதே கட்டத்தில்தான் விழுகிறது என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது.

உபயைகதேசவிருத்தி என்னும் அந்தப் பெயரை நான் வடமொழி நூலிலிருந்து எடுக்கவில்லை, மணிமேகலையிலிருந்து எடுத்தேன். 1898-ஆம் ஆண்டில் மகாமகோபாத்தியாய சாமிநாதையரவர்கள் பதிப்பித்து உலகுக்கு அளித்த அக்காப்பியத்தில், 27-ஆம் காதையில் மணிமேகலை வஞ்சி நகரில் சமயவாதிகள் ஒவ்வொருவரையும் அணுகி அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். பெரும்பாலும் கேட்டுக்கொண்டு நகர்ந்துவிடுகிறாள். கண்ணால் கண்டதைத் தவிர வேறு அளவை இல்லை என்ற பூதவாதியிடம் மட்டும் நகைத்து ஒரு வினா விடுக்கிறாள். உன் தாய் தந்தையரை நீ எப்படி அறிந்தாய், அனுமானத்தால் அன்றோ என்பது அதன் கருத்து. உயிர் இல்லை என்பதையோ மறுபிறப்பு இல்லை என்பதையோ அவள் அங்கே மறுக்கவில்லை. அவன் நிற்கும் பலகையையே அவன் ஒப்புக்கொள்ள முடியாத ஒன்று தாங்கியிருக்கிறது என்று காட்டிவிடுகிறாள். நலிவித்தல் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான உதாரணம் தேடினாலும் கிடைப்பது அரிது.

29-ஆம் காதையில் காஞ்சியில் அறவண அடிகள் அவளுக்குத் தருக்கம் கற்பிக்கிறார். பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என்ற ஐந்தையும் சொல்லி, பின்னிரண்டும் திட்டாந்தத்திலேயே அடங்கும் என்கிறார். பிறகு போலிகள் வருகின்றன. பக்கப் போலி ஒன்பது, ஏதுப் போலி பதினான்கு, திட்டாந்தப் போலி பத்து, ஆக முப்பத்துமூன்று. ஆவியா பனியா என்ற ஐயம் தீராமலே புகை என்று கொண்டு தீயைத் துணிகின்றவனும் அவற்றுள் இடம் பெறுகிறான். காப்பியச் சுவை நாடிப் படிப்பவர்கள் இப்பகுதியைத் தாண்டிச் சென்றுவிடுவதை நான் குறை கூறமாட்டேன். ஆயினும் ஒரு கணிகையின் மகள், தான் ஏற்கப்போகும் சமயத்தை ஏற்குமுன், ஏது எப்படிக் கெடும் என்பதை முப்பத்துமூன்று வகையாகக் கற்றுக்கொள்கிறாள் என்று ஒரு புலவர் அமைத்திருப்பது சாதாரணச் செய்தியன்று.

இந்த முப்பத்துமூன்றும், சங்கரசுவாமி இயற்றியதாகச் சொல்லப்படும் நியாயப் பிரவேசம் என்னும் பௌத்த நூலின் பட்டியலோடு நெருங்கிப் பொருந்துகின்றன என்று அறிஞர்கள் காட்டியுள்ளார்கள். அந்நூலின் கதை தனியாகச் சொல்லத் தக்கது. சீன யாத்திரிகர் யுவான் சுவாங் அதை 647-இல் சீன மொழியில் பெயர்த்தார். இந்தியாவில் பௌத்தம் மங்கியபோது அதன் வடமொழி மூலம் அழியாமல் காத்தவர்கள் யார்? ஜைனர்கள். ஜைன ஆசாரியர் ஹரிபத்ரர் அதற்கு உரை எழுதினார். அந்த உரையோடு அது 1930-இல் பரோடாவில் அச்சாயிற்று. எதிர்க்கட்சியினரின் நூலைப் பாடம் கேட்டு, உரை எழுதி, ஏட்டில் படியெடுத்துக் காத்த அந்த மனப்பான்மையை எண்ணும்போது உள்ளம் நெகிழ்கிறது. தமிழிலும் இதற்கு ஓர் இணை உண்டு. ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றான குண்டலகேசி, சில பாடல்கள் நீங்கலாக, மறைந்துவிட்டது. அந்தப் பௌத்தக் காப்பியத்தை மறுக்க எழுந்த ஜைன நூலாகிய நீலகேசியும் அதன் உரையும் கிடைத்திருப்பதால்தான் குண்டலகேசியின் வாதங்கள் இவை என்று ஒருவாறு நாம் அறிகிறோம். அங்கும் மறுத்தவரே சாட்சி.

யுவான் சுவாங்கைப் பற்றிச் சொன்னோம். அவர் காஞ்சி வரை வந்தவர், நாலந்தாவில் பயின்றவர். 643-இல் ஹர்ஷ சக்கரவர்த்தி கன்னோசியில் ஒரு மாபெரும் சபையைக் கூட்டி அவரைத் தலைமை வாதியாக அமர்த்தினார். அவருடைய கொள்கையை எழுதி வாயிலில் தொங்கவிட்டு, இதில் ஒரு சொல்லையேனும் தகர்ப்பவருக்குத் தன் தலையைத் தருவதாக அவர் அறிவித்தார் என்று அவருடைய வரலாறு கூறுகிறது. நாட்கள் கழிந்தன, எவரும் வரவில்லை. அதற்கிடையே அரசரின் ஆணை ஒன்று வெளியாயிற்று. ஆசாரியருக்குத் தீங்கிழைப்பவன் கொல்லப்படுவான். அவரை எதிர்த்துப் பேசுபவனின் நாக்கு அறுக்கப்படும். பதினெட்டு நாட்கள் வரை எதிர்வாதம் எழவில்லை. வெற்றி முழக்கத்தோடு சபை கலைந்தது.

அந்த யாத்திரிகரின் கல்வியையும் துணிவையும் போற்றாமல் இருக்க முடியாது. எனினும் அந்தப் பதினெட்டு நாள் மௌனத்தை அவருடைய வாதத்தின் வலிமைக்குச் சான்றாகக் கொள்ளலாமா? 'எதிர்ப்பு இல்லை, ஆகவே வாதம் குறையற்றது' என்பது ஏது. ஈர விறகு அரசாணையில் இருக்கிறது. இதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, மிலிந்தன் என்னும் கிரேக்க அரசன் நாகசேனரை வாதத்துக்கு அழைத்தபோது, பண்டிதர்கள் பேசும் முறையில் பேசுவதானால் வருகிறேன், அரசர்கள் பேசும் முறையில் ஆனால் வரமாட்டேன் என்று அத்துறவி நிபந்தனை போட்டதாக மிலிந்த பன்ஹம் கூறுகிறது. அரசர்களின் முறையில் ஒவ்வாத விடைக்குத் தண்டனை உண்டு என்பதே காரணம். கன்னோசிச் சபையில் அப்படி ஒரு நாகசேனர் இருந்திருந்தால்!

அரசாணையின் கை எட்டாத இடத்திலிருந்துதான் பிறகு எதிர்வாதம் வந்தது. காணப்படும் உருவம் காணும் அறிவினின்று வேறன்று என்பதை நிறுவ யுவான் சுவாங் அங்கே ஓர் அனுமானத்தை வைத்தார் என்று அவர் மாணவர் குய்ஜி எழுதுகிறார். அதே அச்சில் வார்த்து, அதற்கு நேர்மாறான முடிவைத் தரும் மற்றோர் அனுமானத்தைக் கொரியாவின் சில்லா நாட்டுத் துறவியர் அமைத்துக் காட்டினார்கள். இரு ஏதுக்களும் தம்மளவில் குறையற்றனபோல் நின்று, முடிவுகள் ஒன்றையொன்று முட்டுமானால் அதற்கும் ஒரு பெயர் உண்டு: விருத்த வியபிசாரி. மணிமேகலையின் பட்டியலில் அநைகாந்திகம் ஆறனுள் கடைசியாக நிற்பது அது. காஞ்சியில் அறவண அடிகள் வாயில் வைத்துச் சொல்லப்பட்ட அந்தக் குற்றத்தைக் கொரியாவில் ஒருவர் கன்னோசி வாதத்தின்மேல் பொருத்திப் பார்த்திருக்கிறார்.

எதையும் நலிவிக்கலாம் என்றால் எதையும் நம்புவதற்கில்லை என்றாகிவிடாதா? இந்த அச்சம் நியாய நூலாருக்கே இருந்தது. மிதிலையில் வாழ்ந்த உதயனர், ஐயத்துக்கு ஓர் எல்லை உண்டு என்றார். எந்த ஐயம் ஐயுறுபவனுடைய சொந்தச் செயலோடு முரண்படுகிறதோ அங்கே அது நின்றுவிட வேண்டும். 12-ஆம் நூற்றாண்டில், மறுபடியும் அந்தக் கன்னோசியில், ஸ்ரீஹர்ஷர் என்னும் புலவர் அவரை எதிர்த்து எழுந்தார். இவர் சக்கரவர்த்தி ஹர்ஷர் அல்லர். நைஷத காவியம் பாடியவர். புலவர்க்கு ஔடதம் என்று நாம் சொல்லிப் பழகிய அதிவீரராம பாண்டியனின் நைடதத்துக்கு வழிகாட்டியாக நின்றது அக்காவியமே. உதயனருடைய சுலோகத்தையே எடுத்து, சில சொற்களை மட்டும் மாற்றி, 'முரண்பாடு இருக்கிறது என்றாலே ஐயமும் இருக்கிறது என்றுதானே பொருள்? அது எப்படி எல்லையாகும்?' என்று அவர் திருப்பிவிட்டார். குறும்பு நிறைந்த அந்தக் கேள்விக்கு மிதிலையைச் சேர்ந்த கங்கேசர் தத்துவ சிந்தாமணியில் விடை எழுதினார். புகை வேண்டும்போது தவறாமல் தீயைத் தேடிச் செல்கிறவன், தீயினால்தான் புகை வருகிறதா என்று ஐயுறுவதாக வாயால் சொல்லலாம். அவன் கால்கள் ஐயுறவில்லை. என் சொந்த அபிப்பிராயத்தில் இவ்வழக்கில் ஸ்ரீஹர்ஷரின் கூர்மை பெரிது, கங்கேசரின் விடை உறுதியானது. தேர்வு எழுதுபவருக்கும் இதில் ஒரு பயன் உண்டு. எந்த வாதத்துக்கும் பொருந்துமாறு 'வேறு காரணமும் இருக்கலாமே' என்று பொதுப்படச் சொல்லும் விடை நலிவிக்காது. இந்த வாதத்தில், இந்த இடத்தில், இன்ன காரணம் இருந்தது என்று காட்டுவதே நலிவிக்கும்.

கங்கேசருக்குப் பின் இச்சாத்திரம் நவத்வீபத்துக்குச் சென்று, கற்றோருக்கும் கடினமான நடையை மேற்கொண்டது. அதை மீண்டும் மாணவர் கையில் கொடுத்தது 17-ஆம் நூற்றாண்டில் அன்னம்பட்டர் இயற்றிய தருக்க சங்கிரகம். சிறு நூல்தான், நாடெங்கும் பாடசாலைகளில் முதற்பாடமாயிற்று. அதைத் தமிழாக்கியவர் திருவாவடுதுறை ஆதீனத்துச் சிவஞான முனிவர். சிவஞான போதத்துக்கு மாபாடியம் வகுத்த பெரியார், மாணவருக்கான ஒரு பாலபாடத்தை மொழிபெயர்க்க உட்கார்ந்தார் என்பது எம்போன்ற மொழிபெயர்ப்பாளருக்குச் சற்றுத் தெம்பு தரும் செய்தி. 1785-இல் மறைந்த அம்முனிவர் கற்ற தருக்கத்தை ஏட்டோடு விட்டுவிடவில்லை. பிறர் நூலை மறுக்கும்போது இலக்கண விளக்கச் சூறாவளி என்று பெயரிட்டார். அந்தப் பெயரில் வாதத்தைவிட ஜல்பத்தின் காற்றே பலமாக வீசுகிறது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. 'எடுத்து' என்னும் ஒரே ஒரு சொல்லை எதிரிகளின் தாக்குதலிலிருந்து காப்பதற்காக அவர் ஒரு சிறு நூல் எழுதினார். அந்தச் சொல்லுக்கு இட்ட வைரக் குப்பாயம் என்பதே அந்நூலுக்குப் பெயர்.